காற்றோடு பேரம் பேசியவள்

மன்னவனூரைத் தாண்டிப் பூண்டிக்குப் போகிற வழியில், புல்வெளிக்கு நடுவே கொஞ்ச தூரம் வளைவே இல்லாமல் நேராக ஓடும் சாலை ஒன்று இருக்கிறது. மலையில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு மார்கழிக் காலையில் மேகம் தார் ரோடு வரைக்கும் இறங்கிக் கிடந்தபோது, அங்கே ஒரு ஜீப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. அதன் கூரைமேல் ஒரு பந்தயக் காரின் பின் இறக்கையைக் கட்டியிருந்தோம். இறக்கைக்கு முன்னால் ஒரு கேரட் மூட்டை. மூட்டையின் தலையில் ஒரு ஹெல்மெட். இறக்கை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளி நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

ஜீப்புக்கு இணையாக நான் பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழி பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி, மறு கையில் இருந்த கைபேசியில் அந்த நூல்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்த காய்கறி லாரி ஓரமாக நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, கேரட்டுக்கு ஹெல்மெட்டு மாட்டி ஊர்வலம் விடுறீங்களா?"

"அது கேரட்டு இல்லங்கண்ணே, டிரைவர்," என்று அவள் கத்தினாள்.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. காரில் உட்கார்ந்திருப்பவரின் தலை காற்றைக் கலைக்கும். கலைந்த காற்று பின்னால் இருக்கும் இறக்கையில் போய் மோதும். அதைத்தான் பார்க்க வந்திருந்தோம். ஐந்தாவது முறை ஓடியபோது மேகத்தின் ஈரம் இறக்கைமேல் துளித்துளியாகப் படிந்துவிட்டது. இரண்டு ஓரங்களிலும் துளிகள் கோடு போட்டதுபோல நேராகப் பின்னால் ஓடின. நடுவில் மட்டும், ஹெல்மெட்டுக்கு நேர் பின்னால், துளிகள் போக வழி தெரியாமல் நின்று நெளிந்தன. அங்கிருந்த நூல்கள் தலைகீழாகப் புரண்டு ஆடின.

"செத்துப் போச்சு! நடுவுல செத்துப் போச்சுடி!" என்று அவள் என் முதுகில் குத்தினாள். பைக் ஒரு தடவை ஆடியது. மூன்று மாதம் கண் விழித்து அவள் வரைந்து செய்த இறக்கை, நடுப்பகுதியில் எதற்கும் உதவாது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் கத்துகிறாள் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

நாங்கள் படித்தது பழனி மலையடிவாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில். மாணவர்கள் தாங்களே சிறிய பந்தயக் கார் ஒன்றைச் செய்து, மற்ற கல்லூரிகளின் கார்களோடு ஓட்டிக் காட்டும் போட்டி ஒன்று உண்டு. ஓர் ஆள் மட்டும் உட்காரும் கார். நான்கு சக்கரங்களும் மூடி இல்லாமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எஞ்சின் மோட்டார் சைக்கிளுடையது. எங்கள் அணியில் பன்னிரண்டு பேர். கேப்டன் பூண்டியில் வெள்ளைப்பூண்டு போடும் குடும்பத்துப் பையன். அந்த ஜீப் அவன் சித்தப்பாவுடையது. நான் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். தைப்பூசக் கூட்டத்துக்குள் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியதுதான் என் ஒரே தகுதி. ஆனாலும் காரை ஓட்டும் இருவரில் ஒருத்தியாகத் தேர்வாகியிருந்தேன். மற்றவன் கேப்டன். அவள் கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டு மகள். காரின்மேல் காற்று எப்படிப் போக வேண்டும் என்பது அவள் பொறுப்பு.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரப் போட்டதால உனக்கு என்ன கெடச்சுச்சு? அதுக்கு எதக் குடுத்த?" என்று கேட்பாள்.

யார் என்ன நல்ல செய்தியோடு வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். "எதக் குடுத்து வாங்குற?" கேப்டன் ஒருநாள், பின் இறக்கையை இன்னும் பெரிதாக்கினால் வளைவுகளில் கார் தரையை நன்றாகப் பிடிக்குமே என்றான்.

"எதக் குடுத்து?"

"நேர் ரோட்டுல வேகம் கொஞ்சம் கொறையும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"எவ்வளவுன்னு தெரியாமக் குடுக்கக் கூடாதுல்ல. பெருசாக்குனா எடையும் கூடும். அந்த எடை ஒசரத்துல போயி ஒக்காரும். வளைவுல கார் சாயும். சாஞ்சா எந்த டயர் தேயும்? போயி எழுதிட்டு வா, பேசலாம்."

அவன் எழுதிக்கொண்டு வந்தான். அவள் இறக்கையைப் பெரிதாக்கவும் செய்தாள், அவன் கேட்டதில் பாதி அளவுக்கு.

விடுதியிலும் அவளுக்கு இதே கேள்விதான். தேர்வில் முதலாவதாக வந்தவளிடம், "எதக் குடுத்த?" என்றாள். "தூக்கத்த," என்றாள் அவள். நியாயமான பேரம்தான் என்பதுபோல இவள் தலையாட்டினாள். ஆனால் எங்கள் அறைக்கு எதிர் அறையில் இருந்த ஒரு பெண், தனக்கு நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வெளிநாடு என்று வெட்கத்தோடு சொன்னபோதும் அதையே கேட்டாள். "நல்லதுடி. எதக் குடுத்து?" அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. "நான் சும்மாதானே கேட்டேன்," என்று இவள் நாள் முழுக்க முகம் வாடித் திரிந்தாள். அவளோடு இருப்பதில் இப்படி ஒரு சிக்கல் இருந்தது. அவள் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமைகளில் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு அவள் வீட்டுக்கு பஸ் ஏறுவோம். அவளுக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும். பஸ் மலை ஏறத் தொடங்கியதும் உள்ளங்கையை வெளியே நீட்டிவிடுவாள்.

"ஏம்மா, கைய உள்ள வையி. எதுத்தாப்புல வண்டி வருதுல்ல," என்பார் கண்டக்டர்.

"பெருமாள்மலை வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்ங்கண்ணே."

"என்ன முடிஞ்சிரும்?"

கை மட்டும் சாய்ந்து சாய்ந்து நிமிரும். என் கையையும் இழுத்து வெளியே வைப்பாள். "முன் ஓரத்தத் தூக்கு. கை மேல போகுதா? அதான் விமானம். இப்பத் தாழ்த்து. அமுக்குதா? அதான் நம்ம காரு. அமுக்குறதாலதான் டயரு ரோட்டப் புடிக்குது. இன்னும் தாழ்த்து, இன்னும்... இப்பப் பாரு, அமுக்கல, சும்மா பின்னால தள்ளுது. பேராசப்பட்டா இப்படித்தான். காத்து கைய விட்டுட்டுப் போயிரும்." எனக்கு வகுப்பில் ஒரு வருடம் நடத்தியும் விளங்காதது அந்த பஸ்ஸில் விளங்கியது. கண்டக்டர் மறுபடி சத்தம் போட்டார். நாங்கள் இருவரும் கையை உள்ளே எடுத்துக்கொண்டு சிரித்தோம்.

அவள் அத்தாவின் கடையில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சுற்றுலா வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கையில் எடுத்து, "மெல்லிசா வேணும் பாய், ஆனா நல்லாக் கதகதன்னு இருக்கணும்," என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். ஒரு மெல்லியதையும் ஒரு தடியானதையும் எடுத்து முன்னால் வைப்பார். "இது மெல்லிசுங்க, அது கதகதப்புங்க. எதுன்னு நீங்கதான் சொல்லணும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?" என்பார். எங்கள் நூல் துணுக்குகள் எல்லாம் அந்தக் கடையில் மிஞ்சியவை. எங்கள் காரின் அந்தப் பின் இறக்கையும் இப்போது அங்கேதான் தொங்குகிறது. அதன்மேல் மஃப்ளர்களை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். யாராவது என்ன இது என்று கேட்டால், "எம் மக செஞ்சது. காத்த அமுக்குற சாமான்," என்று சொல்லிவிட்டு மஃப்ளரின் விலைக்கு வந்துவிடுவார்.

அவளும் தப்புக் கணக்குப் போட்டதுண்டு. காரின் பக்கவாட்டில் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குக் காற்று நுழைய ஒரு வாய் இருக்கும். அந்த வாய் பெரிதாக இருந்தால் எஞ்சின் குளிர்ந்து ஓடும். ஆனால் காற்று முட்டி நின்று காரைப் பின்னால் இழுக்கும். தை மாதம் அந்த வாயைச் சிறிதாக்கினாள். கார் அம்பு போலப் போனது. எல்லோரும் கைதட்டினோம். பங்குனி வெயிலில் கல்லூரிக்குப் பின்னால் இருந்த தார்த்தளத்தில் ஓட்டியபோது நாலாவது சுற்றில் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. கேப்டன் குதித்து இறங்கி ஓடினான். ஆவிக்கு நடுவே நின்றுகொண்டு அவள் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"தப்பு என்னோடது. இழுவையக் கொறச்சு வாங்குனேன். அதுக்கு எஞ்சினோட மூச்சக் குடுத்துட்டேன். நான் மலையில பொறந்தவ. கணக்குல வெயிலச் சேக்க மறந்துட்டேன்."

மறுநாளே வாயைப் பழையபடி அகலமாக்கினாள். கார் மெதுவானது. அதற்காக அவள் ஒரு துளியும் வருந்தவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்ட குதூகலம்தான் இருந்தது. அன்று மாலை எல்லோருக்கும் தன் செலவில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

அதே தார்த்தளத்தில்தான் எனக்கு அது நடந்தது. வேகமாக வந்து ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். காரின் வால் சட்டென்று சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. உலகம் இரண்டு தடவை சுழன்றது. அடியேதும் படவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கி, "டயரு இன்னும் சூடாகல," என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த நாளும் அதேபோலச் சுற்றினேன். அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ இறுகிவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கால் தானாகவே பெடலை விட்டுவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து காரில் உட்கார்ந்தபோது அது வேறு காராக இருந்தது. பிரேக் பிடித்தால் பசு மாதிரி அடங்கி நின்றது. எனக்குத் தைரியம் வந்தது. சுற்றுக்குச் சுற்று நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான்தான் தேறிவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். கேப்டன்தான் வாய் தவறி உளறிவிட்டான். "உனக்காக முன் றெக்கைய ஒசத்தி வெச்சுட்டாம்மா. கணக்குப்படி பாத்தா கார் இப்ப முந்தி இருந்ததவிட மெதுவான காரு."

விஷயம் இதுதான். பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழும். மூக்கில் இருக்கும் முன் இறக்கை தரையை நெருங்கும். நெருங்க நெருங்க அதன் பலம் திடீரென்று கூடும். அந்த நேரம் பின்பக்கம் லேசாகி வால் நழுவும். அவள் முன் இறக்கையைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அந்தப் பலத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட மோசம் அவளுடைய நோட்டுப் புத்தகம். எடை, டயர், இழுவை என்று வரிசையாக எழுதியிருந்த பக்கத்தில் என் பெயரும் ஒரு வரியாக இருந்தது. பக்கத்தில், 'பிரேக்கில் நம்பிக்கை இல்லை' என்று எழுதி அதற்கும் ஒரு எண் போட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலிருந்து வட்டக்கானல் வரைக்கும் நடந்தோம். விருந்தினர் விடுதிகளைத் தாண்டிய இறக்கத்தில் நின்று கேட்டேன்.

"நான் பயந்தாங்கொள்ளின்னு அளந்து பாத்து முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா," என்றாள்.

"வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? காரு வேகமா இருக்குறது வேற, நீ அதுல வேகமாப் போறது வேற. எனக்கு ரெண்டாவதுதான் வேணும். அதுக்கு ஒரு வெல இருந்துச்சு, குடுத்தேன். என்னோட றெக்கையிலருந்துதான குடுத்தேன்? உன்கிட்டருந்தா எடுத்தேன்?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு ஆறவில்லை. என்னை நட்டு போல்ட்டோடு சேர்த்து எழுதியிருக்கிறாள் என்ற எண்ணம் போகவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காரை ஓட்ட வேண்டியிருந்தது. பேசினோம்.

போட்டி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தளத்தில். முதல் நாளும் மறுநாள் காலையும் ஒவ்வொரு காரும் தனித்தனியாக, ஓட்டுபவருக்கு ஒரே ஒரு சுற்று என்று ஓடி நேரம் காட்ட வேண்டும். எங்கள் முறை மறுநாள் காலை. மதியம்தான் பெரிய ஓட்டம். பல சுற்றுகள், முதல் பாதி ஒருவர், அடுத்த பாதி இன்னொருவர். காலையில் நான் ஓட்டிய ஒற்றைச் சுற்று நன்றாக வந்தது. இறங்கியபோது அவள் ஓடி வந்து ஹெல்மெட்டோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்து கேப்டன் போனான். ஆசைப்பட்டு ஒரு வளைவை ஒட்டி எடுத்தவன் ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்ச் சுவரில் உரசிவிட்டான். முன் இறக்கை நொறுங்கி, பாதி தார்மேல் சிதறியது.

அவன் நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்து வந்தான். அவன் முகம் சாம்பலாக இருந்தது.

"மன்னிச்சுரு," என்றான் அவளிடம்.

"நீ முழுசா இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப அத விடு. வெரசா வா, சோலி கெடக்கு."

மூன்று மணி நேரம் இருந்தது. மாற்று இறக்கை எங்களிடம் இல்லை. டேப் சுற்றி ஒட்டிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். ஓடும்போது பிய்ந்து பறந்தால் நடுவர்கள் காரை நிறுத்திவிடுவார்கள். பின் இறக்கை மட்டும் இருக்கட்டும் என்றான் இன்னொருவன். அவள் தலையை ஆட்டினாள். "பின்னால மட்டும் அமுக்குனா முன்னால தூக்கும். ஸ்டியரிங்கத் திருப்புனாலும் திரும்பாது, நேராப் போயி முட்டும்." அப்புறம் காரையே சுற்றிச் சுற்றி வந்தாள். திடீரென்று நின்றாள். அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்ததை நான் பார்த்தேன். இத்தனை பெரிய நஷ்டத்துக்கு நடுவே அப்படி ஒரு பளபளப்பு வந்தது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"ரெண்டையும் கழட்டிருவோம்," என்றாள்.

"பின்னாலயுமா?" கேப்டன் பின் இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டான். "நீ செஞ்சதாச்சே அது."

"அதுக்கென்ன? பதினஞ்சு கிலோ கொறையும். நேர் ரோட்டுல பறக்கும். வளைவுல நாம தோப்போம். முன்னயும் பின்னயும் ஒரே மாதிரி தோப்போம், அதனால ஓட்ட முடியும். றெக்கையே இல்லாம இந்தக் காரு எப்படி ஓடும்னு நாம ஒருநாளும் பாத்ததே இல்லையே!"

கேப்டனை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ பேசினாள். அவன் கைகளை விரித்தான். அவள் மறுபடி பேசினாள். அவன் தலையைக் குனிந்து சரி என்றான். பிறகு ஸ்பேனரோடு என்னிடம் வந்தாள்.

"றெக்க இல்லாம ஓட்டுவியா? நீ பழகுன கார் இல்ல இது. வால் ஆடும். பிரேக்க வெள்ளனவே புடிக்கணும். ஓட்டுவியா, மாட்டியா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னைச் சுட்டது. காரில் உட்காரப் போவது நான், இவளுக்கு நேரம்தான் கணக்கு என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலா, வேறு எதிலா என்று தெரியவில்லை, "ஓட்டுறேன்," என்றேன். யோசித்ததாகவே நினைவில்லை.

பின் இறக்கையின் போல்ட்டுகளை அவளே கழற்றினாள். யாரையும் தொட விடவில்லை. நடுவர் வந்து பார்த்துச் சரி என்றார். இறக்கை இல்லாத கார் முடி வெட்டிய பிள்ளையைப் போல நின்றது.

முதல் பாதியைக் கேப்டன் பத்திரமாக ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தான். நான் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினேன். முதல் சுற்று முழுக்க எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பது போல இருந்தது. இரண்டாவது சுற்றில், நீளமான நேர்ப்பாதை முடிந்து வரும் மூன்றாவது வளைவில், எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. வால் நழுவியது. நான் கத்தினேன். கைகள் என்னைக் கேட்காமலேயே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பின. வால் ஆடி, ஆடி, அடங்கியது. கார் நேராகிவிட்டது. நான் உயிரோடு இருந்தேன்! ஹெல்மெட்டுக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்த வால் எப்போது நழுவும் என்பது நழுவுவதற்கு முன்பே என் இடுப்புக்குத் தெரிந்தது. நேர்ப்பாதைகளில் கார் விசிலடித்துக்கொண்டு பறந்தது. வழியில் ஒரு கார் புகை விட்டபடி நின்றிருந்தது, ஒன்றுக்குச் செயின் கழன்று கிடந்தது. கொடி விழுந்தபோது நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். எங்கள் கல்லூரிக் கார் அந்த ஓட்டத்தைக் கடைசி வரை ஓடி முடித்தது அதுதான் முதல் தடவை. ஒன்பதாவது இடம்.

எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது அவள் மட்டும் அங்கே இல்லை. பிறகு நேரக் கணக்குத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஒன் கடைசிச் சுத்து பாத்தியா? காலையில ரெண்டு றெக்கையோட ஓட்டுனியே, அதுக்கும் இதுக்கும் அர நொடிகூட வித்தியாசம் இல்லடி! அப்ப என் றெக்க இத்தன நாளா என்னதான் செஞ்சுச்சு!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கடிகாரப் பார்வை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

படிப்பு முடிந்து அவள் கடல் தாண்டிப் போனாள். இப்போது ஒரு பந்தயக் கார் அணியில், காற்றைக் குழாய்க்குள் ஓடவிட்டுச் சோதிக்கும் இடத்தில் வேலை. நான் சென்னைப் பக்கம் ஒரு சோதனைத் தளத்தில் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறேன். பெருநாளைக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். அதற்கு மேல் நானாகப் போன் செய்ததில்லை.

போன மாதம் பூண்டியில் கேப்டனுக்குக் கல்யாணம். சாப்பாடு முடிந்து, மாலையும் கையுமாக நின்றவனோடு அந்தப் பழைய ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் சிரித்துக்கொண்டே, "நான் முட்டிருந்தாக்கூட அவ நேரத்தத்தான் குறிச்சிருப்பா," என்றேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா? அன்னைக்கி அவ என்னயத் தள்ளிட்டுப் போயி என்ன சொன்னான்னு?"

"என்ன சொன்னா?"

"'நான் போயிக் கேக்கறேன். அவ ஒரு நொடி தயங்குனாக்கூட நாம ஓடல, வெலகிர்றோம். நீ இப்பவே சரின்னு சொல்லு, அப்புறம் மாத்திப் பேசக் கூடாது'ன்னா. ஒரு வருச ஒழைப்பும்மா. நான் சண்ட போட்டேன். கேக்கல."

நான் பந்தலை விட்டு வெளியே வந்து, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து, அவளுக்குப் போன் செய்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. கல்யாணம் எப்படி என்று கேட்டாள். நான் அதற்குப் பதில் சொல்லாமல் கேப்டன் சொன்னதைச் சொன்னேன்.

"ஆமா, சொன்னேன்," என்றாள்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல? இத்தன வருசமா நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லிருந்தா நீ எங்க எல்லாரு மூஞ்சியயும் பாத்துட்டு ஓட்டுறேன்னு சொல்லிருப்ப. நீ உன்னயக் கேட்டுச் சொல்லணும்னு இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு வாட்ச்சப் பாத்த?"

"ஒம் மூஞ்சியப் பாக்க முடியலடி. எங்கயாச்சும் பாக்கணும்ல."

பந்தல் பக்கம் நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடுத்த நிமிடம் குரல் பழையபடி எகிறியது.

"அது கெடக்கட்டும். அந்த மூணாவது வளைவுல வால் நழுவுச்சுன்னியே, அப்ப நீ பிரேக்க முழுசா விட்டுட்டியா, பாதியா? எனக்கு இன்னும் அது புரியல. நிதானமா, ஒண்ணு விடாமச் சொல்லு. பேப்பர் எடுத்துக்கிறேன்."

பள்ளிக்கூடத்துப் படியில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, வலது காலை முன்னால் நீட்டி, நான் சொல்லத் தொடங்கினேன்.